முன்பாதிகள் என்னிடம்

இன்று காலை கடைசி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். பின்னட்டை இல்லாத ஒரு புத்தகம் முதலில் விழுந்தது. முன்னட்டை இருக்கிறது. முதல் பக்கம் இருக்கிறது. கதை ஒழுங்காகத் தொடங்கி, ஒழுங்காக நகர்ந்து, பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு பக்கம் இல்லை. முதுகு நேராக வெட்டுப்பட்டிருக்கிறது. எலியின் வேலையாக இருந்தால் இவ்வளவு நேராக இருக்காது. பிளேடு. நிதானமான கை. உன் கை.

விளிம்பை விரலால் தடவினேன். காய்ந்த பசை பொடியாக உதிர்ந்தது. பெட்டியிலிருந்து அடுத்தடுத்து வந்தவையும் அப்படியே. ஐந்து அரைப் புத்தகங்கள். வேண்டுமென்றேதான் இந்தப் பெட்டியைக் கடைசிக்கு விட்டிருந்தேன்.

வீடு மாறுகிறோம். அம்பத்தூரில் இந்த வாடகை மாடியை விட்டுப் பாரிவாக்கத்துக்கு. ஒருமுறை பூந்தமல்லிக்குப் பேருந்தில் போகும்போது, வயலுக்கு நடுவில் வரிசையாக மஞ்சள் அடித்த மனைக் கற்களைப் பார்த்து, “கல்லத்தான் பயிர் வெச்சிகீறாங்க” என்றாயே, அந்தப் பக்கம். அந்தப் பயிர் விளைந்துவிட்டது. நான்காம் மாடியில் ஒரு கதிர் எங்களுடையது.

சின்ன வீடு. என் கணவரை உனக்குத் தெரியும். கல்யாண மேடையிலேயே அவரை ‘மாமே’ என்று கூப்பிட்டு, அவருடைய பெரியப்பாவை முறைக்க வைத்தவள் நீ. அவர் அளவு நாடாவோடு போய்ச் சுவரை அளந்துவிட்டு வந்தார். ஒரு அலமாரி வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் பால்கனிக் கதவு திறக்காது. “எது வேணும், எது வேணாம்னு நீயே முடிவு பண்ணு. நான் எதையும் தொட மாட்டேன்” என்றார். தொட மாட்டார்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் முழுதாகப் படித்தது பைக்கோடு வந்த கையேடு ஒன்றுதான்.

ஒரு வாரமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன். நீ நம்ப மாட்டாய், கை தயங்கவே இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்த நூல்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பத்து அடிக்கோடு. எல்லா வரியும் முக்கியம் என்று நினைத்த ஒருத்தி. அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடினேன். பரிசாக வந்தவை, கொடுத்தவரின் கையெழுத்துக்காக மட்டும் இருந்தவை, போயின. என்னைவிடக் கெட்டிக்காரியான ஒருத்தி என்றாவது எனக்குள் வருவாள், அவளுக்குத் தேவைப்படும் என்று வாங்கி வைத்தவை நிறைய இருந்தன. அவள் வரவில்லை. நான்தான் வந்திருக்கிறேன். அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கழித்தவற்றைக் கீழே தெரு மதில் மேல் அடுக்கி வைத்தேன். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். சமையல் புத்தகம் முதலில் போயிற்று. போட்டித் தேர்வு வழிகாட்டி அடுத்தது. சிறுகதைகள் மெல்ல நகர்ந்தன. தடித்த ஒரு தத்துவ நூலை இஸ்திரி வண்டிக்காரர் எடுத்துப் போனார். மகிழ்ந்துபோய் எட்டிப் பார்த்தேன். வண்டிச் சக்கரம் உருளாமல் அதை முட்டுக் கொடுத்திருந்தார். நன்றாகத் தாங்குகிறது. கவிதைகள் மட்டும் தூறல் வரும்வரை மதிலிலேயே இருந்தன. அவற்றை உள்ளே எடுத்து வந்துவிட்டேன். யாருக்கும் வேண்டாதவற்றுக்கும் அலமாரியில் ஒரு தட்டு உண்டு.

எனக்கு நானே ஒரு விதி போட்டிருந்தேன். புது வீட்டுக்குள் முழுப் புத்தகம் மட்டும்தான் வரும். அப்படியென்றால் இந்த ஐந்தையும் என்ன செய்வது? மதில் மேல் வைக்க முடியாது. பழைய பேப்பர்காரரின் தராசில் வைக்க என்னால் ஆகாது. ஒரே வழிதான் இருந்தது. பின்பாதிகளைக் கொண்டுவந்து ஒட்டுவது. பின்பாதிகள் கொரட்டூரில், உன் அம்மாவிடம்.

அந்த ஐந்தில் ஒன்று எனக்கு வேறு காரணத்துக்காகவும் வேண்டியிருந்தது. அதற்கு வருகிறேன்.

கல்லூரிக் காலத்தில் நான் அம்பத்தூரில் ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் என் பக்கத்து இடத்தில் பையை வைத்துக் காப்பேன். கொரட்டூரில் நீ ஏறுவாய். நின்றுகொண்டிருப்பவர்களின் முறைப்பை எல்லாம் வாங்கிக்கொண்டு பையை எடுப்பேன். ஒருநாள் நடைபாதைக் கடையில் ஒரு தடித்த நாவலை இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தோம். சேர்ந்து வாங்கினோம். யார் முதலில் படிப்பது என்று சென்ட்ரலில் தொடங்கிய சண்டை வில்லிவாக்கம் தாண்டியும் முடியவில்லை. நீ பென்சில் சீவும் பிளேடை எடுத்தாய். புத்தகத்தை மடியில் குப்புறப் போட்டு, இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் விரித்து, முதுகில் இறக்கினாய்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண் பொறுக்க முடியாமல், “ஐய, இன்னாமே பண்ற? சரஸ்வதிமே அது” என்றாள்.

நீ நிமிரவே இல்லை. “சரஸ்வதி ரெண்டு பேருக்கும் சேத்துதான்க்கா” என்றாய்.

பெட்டியே சிரித்தது. கொரட்டூரில் நீ உன் பாதியோடு இறங்கினாய். அன்றிலிருந்து அதுவே நம் வழக்கம் ஆயிற்று. தடித்த புத்தகம் கிடைத்தால் வெட்டு. படித்து முடித்ததும் பாதிகளை மாற்றிக்கொள்வோம். அதையும் படித்ததும் அவரவர் பாதி அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஒட்டி முழுதாக்கினால் யார் வைத்துக்கொள்வது என்று இன்னொரு சண்டை வரும். அதனால் ஒட்டவே இல்லை.

முதல் தடவை பூவா தலையா போட்டுப் பார்க்கலாம் என்றேன். தேவையில்லை, உனக்குப் பின்பாதிதான் வேண்டும் என்றாய். விட்டுக்கொடுக்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த புத்தகத்திலும் பின்பாதியையே கேட்டாய். அதற்கடுத்ததிலும். நடுவில் நுழைந்து, முடிவுவரை போய், பிறகு என்னிடமிருந்து தொடக்கத்தை வாங்கிப் படிப்பாய். எனக்கு அது தாங்கவில்லை. இலக்கியம் படிக்கிறவள் அல்லவா. ஒரு நாவலாசிரியர் எதை முதலில் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்ற வரிசையில்தான் அவருடைய கலையே இருக்கிறது என்று அண்ணனூர் ஏரிக்கரையில் உட்கார வைத்து உனக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். வணிகவியல் மாணவியான நீ வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே கேட்டாய். முடிந்ததும் சொன்னாய்:

“அவரு வரிச அவருக்கு. நான் மட்டும் உன்னாண்ட எப்போ வந்தேன்? நடுவுலதான. உன் மொத பாதி எனக்கு இன்னா தெரியும்? பழகலயா?”

கடலையைத் தின்றேன். தோலை ஊதிவிட்டு நீ இன்னொன்றும் சொன்னாய். “முடிவு தெரிஞ்சிட்டா பதட்டம் போய்டும்மே. அப்பால நிம்மதியா ஆளுங்கள பாக்கலாம்.”

உன் பாதிகளுக்கு ஒரு வாசனை உண்டு. சாப்பாட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு வருவாய். பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை. யாரோ சாகும் பக்கத்தில்கூடப் பசிக்கும் எனக்கு.

படிப்பு முடிந்து நீ தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பார்க்கப் போனாய். நான் மேலே படித்தேன், பிறகு என் வேலை, பிறகு கல்யாணம். ரயில் ஒன்றாக இல்லாமல் போயிற்று. பிளேடு போகவில்லை. கடைசியாக வெட்டிய நாவல், துறைமுக ஊர் ஒன்றில் நடக்கும் கதை. பல வருடங்களுக்கு முன் சண்டை போட்டு வெளியேறிய பெண் ஒருத்தி, தன் வீட்டைத் தேடித் திரும்பி வருகிறாள். எப்போதும் அத்தியாயம் முடியும் இடமாகப் பார்த்து வெட்டுகிறவள், இந்த முறை குறும்பு செய்தாய். என் பாதியின் கடைசி வரி: கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள்.

உடனே உனக்கு ஃபோன் செய்தேன். தட்டினாளா இல்லையா?

நீ சிரித்த சிரிப்பில் எதிர்முனையில் எதுவோ கீழே விழுந்தது. “சொல்ல மாட்டேன் போ. ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கோ.”

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை.

ஒரு நாவலின் பின்பாதியைக் கேட்டு இழவு வீட்டுக்குப் போக முடியாது. பதினாறாம் நாளும் கேட்க முடியாது. வருட திதியன்றும் முடியாது. கடையில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியைத் தேடி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அந்தப் பெண் கையை உயர்த்தியபடியே நின்றாள். சில நாட்களில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது அவள் ஞாபகம் வரும். கை வலிக்காதா இவளுக்கு என்று நினைப்பேன். என் கணவருக்கும் அவளைத் தெரியும். எப்போதாவது நான் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால், “என்ன, இன்னும் தட்டலையா?” என்பார்.

இன்று மதியம் கொரட்டூருக்குப் போனேன். பையில் பசைக் குப்பி, தடித்த தையல் நூல், ஊசி, ஒரு புது பிளேடு, எல்லாம் வழியில் வாங்கியவை. உன் பாதிகளில் ஓரம் சீவ வேண்டியிருக்கலாம் என்று பிளேடு. ஐந்து புத்தகங்களை முழுதாக்கி, துறைமுகத்துக் கதையை முடித்து, அலமாரியில் நேராக நிறுத்திவிட வேண்டும். அதுதான் திட்டம்.

உன் அம்மா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பிஸ்கட் கம்பெனி பேக்கிங் வேலையை விட்ட பிறகு உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது. முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றார். நான் இளைத்துவிட்டேன் என்று திட்டினார். புது வீடு, மாடியில் தண்ணீர் ஏறுமா, பூந்தமல்லி பக்கம் காய்கறி விலை எப்படி என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டேன்.

“அம்மா, அவளோட பாதி புஸ்தகம் கொஞ்சம் இருக்குமே…”

“எது பாதி?” அவர் முகம் மலர்ந்தது. “முழுசாக்கி வச்சிகீறேன் பாரு.”

பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்தார். செங்கல் கனத்தில் ஒரே புத்தகம். கறுப்பு ரெக்சின் அட்டை. அதன் மேல் தங்க எழுத்தில் உன் பெயர். பெயருக்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், கொரட்டூர்.

நடந்தது இதுதான். உன் அலமாரியில் இருந்த ஐந்து பின்பாதிகளையும் பார்த்து, பிள்ளை படித்துப் படித்து முன்பக்கங்கள் எல்லாம் கிழிந்துபோய்விட்டன என்று நினைத்திருக்கிறார். இருப்பதாவது உதிராமல் இருக்கட்டும் என்று, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் பைண்டிங் போட்டுத் தரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

“எத்தினி புக்கா போடணும்னு கேட்டான். தனித்தனியா இருந்தா ஆளுக்கொண்ணு எடுத்துகினு பூடுவாங்க, ஒண்ணா போடுன்னேன். மேல இன்னா எழுதறதுன்னான். எம் பொண்ணு பேருன்னேன். எந்த டிபார்ட்மென்ட்டு, எந்த டிபார்ட்மென்ட்டுன்னு உசிர வாங்கறான். நான் இன்னாத்த கண்டேன். கொரட்டூர்னு போடுப்பான்னேன்.”

மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். கடைக்காரர் நல்ல வேலைக்காரர். ஐந்தையும் சேர்த்துத் துளையிட்டுத் தைத்து, பசை பூசி, மூன்று பக்கமும் ஓரம் சீவியிருந்தார். முடிவுகள் மட்டுமே உள்ள ஒரு புத்தகம். எழுதியவள் நீ. பிரிக்க வேண்டுமென்றால் பிளேடை முதுகில் இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பிளேடு பையில் இருந்தது. இது எப்படிப்பட்ட பிழை என்று அவரிடம் சொல்லவும், ஐந்தையும் பிரித்து எடுத்துப் போகட்டுமா என்று கேட்கவும் வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவர் சொன்னார்: “தெனம் மத்தியானம் சீரியலுக்கு முன்னாடி நாலு பக்கம் படிக்கறேன். நல்ல கத.”

“எந்தக் கதைம்மா?”

“இன்னா எந்த? இதான். ஒரே குடும்பம். ஊரு ஊரா போறாங்க பாவம்.”

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஐந்து நாவல்களையும் அவர் ஒன்றாகவே படித்திருக்கிறார். முதல் கதையில் செத்தவனின் தங்கைதான் இரண்டாம் கதையில் துறைமுக ஊரில் இருக்கிறாள். மூன்றாம் கதையில் தோட்டம் வாங்குகிறவர்கள் அவளுடைய பிள்ளைகள். அவருடைய கணக்கில் எல்லாம் பொருந்தியிருந்தது. ஆட்களின் பெயர்கள் மாறுகின்றனவே என்று மெல்லக் கேட்டேன்.

“மாத்திக்கினாங்க. கல்யாணத்துக்கு அப்பால என் பேரயே மாமியா மாத்திட்டா. நான் வேற ஆளா ஆயிட்டனா?”

நீ இருந்திருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பாய். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் புத்தகத்தை என் மடியிலிருந்து வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“ஒண்ணுதான் எனுக்குப் புரியல. எடுத்த எடுப்புலயே ஒருத்தன் குந்திகினு அழுவறான். ஏன் அழுவறான்னு இல்ல. போவப் போவ சொல்வாங்கன்னு பாத்தேன். கடசி வரிக்கும் சொல்லவே இல்ல. அவளத்தான் கேக்கணும். அவளும் இல்ல.”

அவன் ஏன் அழுகிறான் என்று எனக்குத் தெரியும். ரயிலில் நீ முதன்முதலாக வெட்டிய புத்தகம் அது. அவன் அழுகையின் காரணம் என் பாதியின் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறது. அம்பத்தூரில், தரையில், கவிழ்த்த பெட்டிக்குப் பக்கத்தில்.

“அது என்கிட்ட இருக்கும்மா” என்றேன்.

“உன்னாண்டயா?” அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அப்போ கிழியலயா?”

“கிழியல. பிரிச்சி வச்சிக்கிட்டோம்.”

ரயிலையும் பிளேடையும் பூக்காரப் பெண்ணையும் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். சரஸ்வதியைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், போட்டுக்கொண்டே சிரித்தார். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உன் பெயரின் தங்க எழுத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“அப்போ மொத கதைங்கல்லாம் உன் ஊட்ல கீது. கடசி கதைங்கல்லாம் என் ஊட்ல கீது.”

“ஆமாம்மா.”

“சரி. உன்னுத கொண்டா. என்னுத எடுத்துகினு போ. படிச்சிட்டு குடுத்துடணும். எம் பொண்ணு பேரு போட்டுகீது, ஓரத்த மடிக்காத.”

பையில் இருந்த பிளேடைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது துறைமுகத்துப் பெண்ணைப் பற்றி மட்டும் கேட்டேன். கதவுகிட்ட கையத் தூக்கிக்கிட்டு நிப்பாளே ஒருத்தி, எந்த இடத்துல வர்றா?

“அவளா?” வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா சிரித்தார். “சொல்ல மாட்டேன் போ. நீயே தேடிப் படி.”

கொரட்டூரிலிருந்து அம்பத்தூருக்கு இரண்டு நிறுத்தம். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. கறுப்பு அட்டையைத் திறந்தேன். ரெக்சினும் பைண்டிங் பசையும் மணக்கும் என்று நினைத்தேன். மணந்தன. அவற்றுக்கு அடியில், பக்கங்களின் மடிப்பில், பருப்புப் பொடி. எனக்குப் பசித்தது.

அவளைக் கண்டுபிடித்தேன். பட்டரவாக்கத்துக்கு முன்பே படித்துவிட்டேன்.

வழியிலேயே என் விதியை மாற்றிவிட்டேன். பாரிவாக்கத்து அலமாரியில் நடுத்தட்டு அரைப் புத்தகங்களுக்கு. அதற்காக இன்னும் ஒரு வரிசை முழுப் புத்தகங்கள் மதிலுக்குப் போகட்டும். இவற்றை ஒட்டப்போவதில்லை. நம் புத்தகங்கள் ஒருபோதும் ஒரே வீட்டில் இருந்ததில்லை. இனியும் இருக்க வேண்டியதில்லை. அழுகிறவனின் முன்பாதி அடுத்த ஞாயிறு கொரட்டூருக்குப் போகும். புது வீட்டிலிருந்து குமணன்சாவடி வந்து பேருந்து மாற வேண்டும். மாறிக்கொள்கிறேன். உன் அம்மாவுக்குத் தொடக்கங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும்போது அந்த ஒரே குடும்பம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. என் கணவர் சமையலறைப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“தட்டிட்டாளா?”

என் வாயில் வந்தது என் குரல் இல்லை. “சொல்ல மாட்டேன் போ” என்றேன்.

அவர் கொஞ்சம் அதிர்ந்தார். பிறகு சிரித்தார். இரண்டு வருடமாக அந்தப் பெண்ணோடு தானும்தான் குடித்தனம் செய்திருப்பதாகவும், தனக்கு இது அநியாயம் என்றும் வாதாடினார். நான் முன்பாதியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முதலில் இதைப் படியுங்கள், பிறகு பார்க்கலாம்.

இதை எழுதும்போது வெளிச்சம் இன்னும் இருக்கிறது. அலமாரி காலி. அவர் கட்டி வைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். கையேட்டைப் படித்ததுபோலவே, வரி வரியாக, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. அந்தப் பெண் இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை. இப்போதுதான் கிளம்புகிறாள் போலிருக்கிறது. அவர் பக்கத்தைத் திருப்புகிறார், ஏதோ ஒரு வரிக்கு உதட்டைச் சுழிக்கிறார், தலையைச் சொறிகிறார்.

எனக்கு முடிவு தெரியும். நான் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.